தேவதாரு இன்னும் வரவில்லை

காரின் கூரைமேல் கட்டியிருந்த மரச்சட்டங்கள் முன்னாலும் பின்னாலும் நீட்டிக்கொண்டிருந்தன. கயிற்றை அவிழ்த்துவிட்டால் ஓசைப்படாமல் ஷெட்டுக்குள் தள்ளிவிடலாம். அவிழ்க்கத்தான் முடியவில்லை. முடிச்சு, மச்சினன் போட்டது.

"என்னங்க அது?"

மாடி பால்கனியிலிருந்து மனைவியின் குரல். மாஸ்டரின் வலது கால் தானாகத் தரையை ஓங்கி மிதித்தது.

மாஸ்டர் டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர். கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் சுவரைக் குறிவைத்துப் போகும்போதெல்லாம் தன் பக்கத்து பிரேக்கை மிதித்துப் பழகிய கால் அது. ஆபத்து எந்த உருவத்தில் வந்தாலும் முந்திக்கொள்ளும். தெருவில் நிற்கும்போது பிரேக் கிடையாது என்பது அதற்குத் தெரியாது.

"மரம்" என்றார்.

"மரம்னு தெரியுது. எதுக்கு?"

காருக்கு அந்தப் பக்கம் குனிந்திருந்த மச்சினன் கிசுகிசுத்தான். "அலமாரின்னு சொல்லிடுங்க அத்தான்."

"அலமாரி!" என்று கத்தினார் மாஸ்டர்.

மனைவி பால்கனிக் கம்பிமேல் எட்டிக் குனிந்தாள். பிறகு, "நிஜமாவா? சமையலறைக்கா? எத்தனை வருஷமா கேட்டுக்கிட்டிருக்கேன்! இந்த ஞாயித்துக்கிழமைக்குள்ள முடிச்சிடுவீங்கதானே?"

"பாத்தீங்களா, தப்பிச்சாச்சு" என்றான் மச்சினன் பெருமையாக.

"எங்கடா தப்பிச்சோம்? இப்ப நான் அலமாரி செய்யணுமே!"

மரம் வாங்கியது அலமாரிக்கு அல்ல. படகுக்கு.

சில வாரங்களுக்கு முன்னால் மாஸ்டரும் மனைவியும் ஏரிக்கரையில் காலை நடை போய்க்கொண்டிருந்தார்கள். அப்போது ஒரு ஒல்லிப் படகு தண்ணீரைக் கிழிக்காமல் தடவிக்கொண்டு வந்து கரையில் நின்றது. ஒரே ஒரு ஆள் காலை நீட்டி உட்காரக்கூடிய கயாக். விரலகலத்துக்கு நீளமாகக் கீறிய மரப்பட்டைகளைப் பக்கம் பக்கமாக ஒட்டி, இழைத்து, மெருகேற்றியிருந்தார்கள். வெயில் பட்டதும் வயலின்போல மின்னியது. படகிலிருந்து இறங்கியவர், "நானே செஞ்சது சார்" என்றார். மாஸ்டர் திறந்த வாயை மூடவில்லை. மனைவியும் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "வாங்க, ஸ்கூலுக்கு நேரமாச்சு" என்று நடந்தாள்.

அன்றே முடிவு செய்துவிட்டார். இதைச் செய்தே தீருவது. மனைவியிடம் மட்டும் சொல்லக்கூடாது.

சொல்லாததற்குக் காரணம் இருந்தது. முதலில் ஒரு தொலைநோக்கி வாங்கினார், நிலாவை ஒரு முறை பார்த்தார், நிலாவும் அவரைப் பார்த்தது, அதோடு சரி. அப்புறம் தேனீ வளர்த்தார். தேனீக்கள் எல்லாம் பக்கத்து வீட்டுக்குக் குடிபோயின. மூன்றாவதாக அக்கார்டியன் வாசிக்கப் பழகினார். அதற்குப் பக்கத்து வீட்டுக்காரரே குடிபோனார். அதன் பிறகு மனைவி ஒரு சட்டம் போட்டாள். "இனிமே இந்த வீட்டுக்குள்ள புதுசா ஒரு பைத்தியம் நுழையக்கூடாது. நுழைஞ்சா அதையும் உங்களையும் சேர்த்து வெளியில வெச்சிடுவேன்." அவள் கணக்கு டீச்சர். சொன்னால் சொன்னதுதான்.

எனவே மாஸ்டர் மச்சினனை மட்டும் கூட்டிக்கொண்டு, மனைவிக்குத் தெரியாமல் மரக்கடைக்குப் போனார்.

மரக்கடைக்காரர் மரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் சாப்பாட்டையே மறந்துவிடும் ரகம்.

"படகா? அப்ப தேக்குதான் சார். கண்ணை மூடிக்கிட்டு எடுத்துட்டுப் போங்க. உங்க பேரன் காலத்துக்கும் நிக்கும்."

"நிக்க வேண்டாம், மிதந்தா போதும். ஏரி வரைக்கும் நான்தான் தோள்ல தூக்கிட்டுப் போகணும்."

கடைக்காரர் அந்தத் தோளை ஒரு பார்வை பார்த்தார். "அப்ப தேக்கு வேண்டாம்."

அடுத்து ஒரு பைன் பலகையை உருவிக் காட்டினார். "இது லேசு. ஆனா இந்தக் கணுவைப் பாருங்க. மெல்லிசா கீறி வளைக்கிறப்ப இந்த இடத்துல பட்டுனு ஒடிஞ்சிடும்."

"அப்ப எதுதான் சரியா வரும்?"

கடைக்காரர் இழுப்பறையைத் திறந்து செம்பழுப்பாக ஒரு சின்னத் துண்டை எடுத்து மாஸ்டரின் மூக்குக்கு நேராக நீட்டினார். புதுப் பென்சிலைச் சீவியதுபோல ஒரு வாசனை. மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

"தேவதாரு. இறகு மாதிரி கனமே தெரியாது. ரேகை எல்லாம் ஸ்கேல் வெச்சுக் கோடு போட்ட மாதிரி ஓடும். தண்ணிக்கு அசராது."

"இதேதான்! கட்டுங்க!"

"ஸ்டாக் இல்ல சார்." கடைக்காரர் துண்டை அவசரமாக உள்ளே வைத்தார். "கப்பல்ல வந்துக்கிட்டிருக்கு. அதுவரைக்கும் பைன் கொண்டுபோய்க் கை பழகுங்க. நேரா அறுக்க வருமா உங்களுக்கு?"

"ஊருக்கே நேரா ஓட்டக் கத்துக் குடுக்கறவன் சார் நான்."

"அது வேற, இது வேற."

வேறதான் என்பது அந்த ஞாயிற்றுக்கிழமையே தெரிந்தது. சமையலறை அலமாரி சுவரில் ஏறியதும் மனைவி உப்பு ஜாடியை இடது கோடியில் வைத்தாள். ஜாடி நிதானமாக நகர்ந்து வலது கோடிக்குப் போய், கொஞ்சம் யோசித்துவிட்டு, கீழே குதித்தது.

மனைவி உப்பைப் பெருக்கித் தள்ளினாள். உள்ளே போய் மட்டம் பார்க்கும் ரசமட்டத்தை எடுத்து வந்து அலமாரியின்மேல் வைத்தாள். கண்ணாடிக் குழாய்க்குள் இருந்த குமிழி ஒரு மூலையில் போய் ஒளிந்துகொண்டது.

"பத்துக்கு மூணு" என்றாள்.

"மூணுதானா?"

"அளந்ததுக்கு ஒண்ணு, அறுத்ததுக்கு ஒண்ணு, சுத்தியல் விரல்ல படாம பாத்துக்கிட்டதுக்கு ஒண்ணு. பிரிச்சுட்டு மறுபடி செய்யுங்க."

மறுபடி செய்தார். அதில் ஐந்து மார்க் வந்தது. வாங்கிய மரம் மொத்தமும் தீர்ந்தும் போனது.

மரக்கடைக்கு ஓடினார். "தேவதாரு வந்துச்சா?"

"கடல்ல புயலாம் சார். கப்பல் நடுவுலயே நிக்குது" என்றார் கடைக்காரர். "அது கிடக்கட்டும், வெட்டு நேரா வருதா இப்ப?"

நல்ல மனிதர், என்ன அக்கறை என்று நினைத்துக்கொண்டு மாஸ்டர் இன்னொரு கட்டு பைன் வாங்கினார்.

மரம் வரும்வரை கருவிகளையாவது சேர்ப்போம் என்று முடிவு செய்தார். கைக்கு அடக்கமான ஓர் இழைப்புளி, இழுத்து அறுக்கும் மெல்லிய ரம்பம், இரண்டு உளி. அப்புறம் மரத்தைக் கவ்விப் பிடிக்கும் இரும்புக் கிளாம்ப். பட்டைகளை ஒட்டினால் பசை காயும்வரை அவற்றைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டுமே. இந்தப் படகு கட்டுகிறவர்கள் எல்லாரும் ஒரே குரலில் சொல்லும் விஷயம், கிளாம்ப் எத்தனை இருந்தாலும் போதாது என்பதுதான். மாஸ்டர் கடையில் இருந்ததை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்து, வீட்டில் வைக்க முடியாததால் பயிற்சிக் காரின் டிக்கியில் போட்டுவைத்தார்.

மறுநாள் காலை ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தவர் ஒரு பல் டாக்டரம்மா. யாருடைய கடைவாய்ப் பல்லையும் அசராமல் பிடுங்குபவர், ஸ்டீயரிங்கைத் தொட்டால் மட்டும் நடுங்குவார். நாற்சந்தியில் ஒரு நாய் குறுக்கே வந்தது. அவர் பிரேக்கை மிதித்தார். பழக்கதோஷத்தில் மாஸ்டரும் மிதித்தார். கார் நின்றது, டிக்கிக்குள் இருந்த இரும்பு நிற்கவில்லை. தகரக் கொட்டகை சரிந்ததுபோல ஒரு சத்தம்.

"ஐயோ! என்ன விழுந்துச்சு? எஞ்சினா?"

"எஞ்சின் முன்னாடி இருக்கு டாக்டர்."

"அப்ப பின்னாடி விழுந்தது என்ன?"

"அது... ஸ்பேர்."

"ஸ்பேர் எஞ்சினா?"

டாக்டரம்மா கதவைத் திறந்து, நாற்சந்தியின் நடுவிலேயே இறங்கி, "நான் நடந்தே போய்க்கிறேன் மாஸ்டர், எனக்கு அதுதான் நல்லா வருது" என்று கைப்பையை அணைத்துக்கொண்டு போய்விட்டார். பின்னால் நின்ற வண்டிகள் எல்லாம் ஒன்றாக ஹாரன் அடித்தன.

வேறு வழியில்லாமல் கிளாம்புகளை வீட்டுக்கே கொண்டுவந்தார். மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள்.

"ஒரு அலமாரிக்கு இத்தனை கிளாம்பா?"

மாஸ்டரின் கால் தரையை மிதித்தது. மச்சினன் உதவிக்கு வந்தான். "ஒரு அலமாரியோட நிறுத்தப் போறதில்லக்கா. அத்தான் செருப்பு வைக்க ஒண்ணு, புஸ்தகத்துக்கு ஒண்ணு, எல்லாம் வரிசையா செய்யப் போறாராம்!"

"எனக்கு டிவி ஸ்டாண்டு ஒண்ணு" என்றும் சேர்த்துக்கொண்டான்.

செருப்பு அலமாரிக்கு ஐந்தரை. புத்தக அலமாரிக்கு ஆறு. டிவி ஸ்டாண்டு மச்சினன் வீட்டுக்கு என்பதால் மதிப்பெண் இல்லாமலே தேறியது. இடையில் மாஸ்டர் தனக்கே தெரியாமல் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார். இழைப்புளியைச் சரியான சாய்வில் பிடித்துத் தள்ளினால் மரத்தூள் பறப்பதில்லை. கண்ணாடிபோல மெல்லிய சுருள் ஒன்று 'ஸ்ஸ்' என்று எழுந்து கையைத் தடவிக்கொண்டு விழுகிறது. ஒரு நாள் முழுக்கச் சுருள் விட்டுக்கொண்டே இருந்தார். மதியம் வகுப்புக்கு வந்தவர் ஷெட் வாசலில் நின்று பார்த்துவிட்டு, தொந்தரவு செய்ய மனமில்லாமல் திரும்பிப் போனார்.

"தேவதாரு?" என்று கேட்டபடி மறுபடி கடைக்குப் போனார்.

"துறைமுகத்துக்கு வந்துடுச்சு சார். இறக்கறதுக்குத்தான் ஆள் இல்ல."

சரி, அதற்குள் வளைக்கவாவது பழகலாம். படகின் மூக்கில் பட்டைகள் நன்றாக வளைய வேண்டும். அதற்கு ஆவி காட்டவேண்டும். மாஸ்டர் குளியலறைக் கதவைத் தாழிட்டு, வாளியில் கொதிக்கும் நீரை நிரப்பி, மேலே போர்வையை மூடி, பட்டைகளை உள்ளே செருகி உட்கார்ந்தார்.

கதவு தட்டப்பட்டது. "உள்ள என்ன பண்றீங்க? கதவிடுக்குல புகை வருது."

"ஆவி பிடிக்கிறேன்!"

"காலையிலேர்ந்தா?"

"சளி ஜாஸ்தி!"

"சரி, வெளியில வாங்க. அம்மா வந்திருக்காங்க."

வேர்த்து விறுவிறுத்து வெளியே வந்தவரின் கையில் வில்போல வளைந்த ஒரு நீள மரப்பட்டை. அதை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தது. கூடத்தில் மாமியார், பக்கத்தில் மச்சினன்.

"சளிக்கு இப்பல்லாம் மரத்தையா மோந்து பாக்கறாங்க மாப்பிள்ளை?" என்றார் மாமியார்.

மச்சினன் எழுந்துவிட்டான். அவன் எழுந்ததைப் பார்த்ததுமே மாஸ்டரின் கால் இரண்டு முறை தரையை மிதித்தது. பயனில்லை.

"உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு இருந்தோம்மா! அத்தான் உனக்காக ஆடுற நாற்காலி செய்யறாரு. கீழ வளைவா வருமே, அதுக்குத்தான் இது!"

மாமியாரின் கண் கலங்கிவிட்டது. "என் சொந்தப் பிள்ளைக்குத் தோணலையே!" சொந்தப் பிள்ளை மச்சினன்தான். அவன் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டான்.

நாற்காலி தயாரானது. அதன் இரண்டு வளைவுகளும் ஒரே மாதிரி வளையவில்லை. மாமியார் அமர்ந்ததும் அது முன்னும் பின்னும் ஆடாமல், ஒரு சுற்றுச் சுற்றி, அவரை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் நிறுத்தியது.

"இதுவும் நல்லாத்தான் இருக்கு மாப்பிள்ளை" என்றார் மாமியார். "ஒரே இடத்துல உக்காந்து வீடு பூரா பாத்துக்கலாம்."

மனைவி மட்டும் விடவில்லை. இரண்டு வளைவுகளையும் கழற்றி, ஒன்றின்மேல் ஒன்றை வைத்துக் காட்டினாள். "இதுக்கும் அதுக்கும் எவ்வளவு வித்தியாசம் பாருங்க. நேரா அறுக்கறது வந்துடுச்சு. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வளைக்கணும். அதுதான் முக்கியம். மறுபடி செய்யுங்க."

எதற்கு முக்கியம் என்று கேட்கத் தோன்றவில்லை மாஸ்டருக்கு. மூன்றாம் முறை இரண்டு வளைவுகளும் இரட்டைப் பிள்ளைகள்போல ஒட்டிக்கொண்டன. பத்துக்கு எட்டரை. அன்று சாப்பிட உட்கார்ந்தபோது அவர் மெல்லச் சீட்டியடித்ததை மனைவி கவனித்தாள், இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

எட்டரை கொடுத்த தைரியத்தில்தான் அந்தப் பெரிய தவறைச் செய்தார். படகு கட்ட, அதன் நீளத்துக்குக் கீழே நேரான ஓர் அடிச்சட்டம் வேண்டும். ஷெட்டில் கார் நின்றதால் இடம் போதவில்லை. மனைவி பள்ளிக்குப் போன சமயத்தில் அதை வீட்டுக்குள்ளேயே பொருத்தினார். வாசலில் ஆரம்பித்து, கூடத்தைக் கடந்து, சமையலறைக்குள் மூக்கை நீட்டி அது முடிந்தது.

மனைவி சாயங்காலம் வந்து கதவைத் திறந்தாள். பாதிதான் திறந்தது.

"இது என்ன?"

மாஸ்டர் மச்சினனைப் பார்த்தார். மச்சினன் விட்டத்தைப் பார்த்தான். வேறு வழியில்லாமல் இந்த முறை மாஸ்டரே வாயைத் திறந்தார். "கட்டில்."

"வாசல்லேர்ந்து அடுப்படி வரைக்குமா? யாரு படுக்கறதுக்கு? ஒட்டகச்சிவிங்கியா?"

"கட்டில் இல்ல... பெஞ்சு! நீளப் பெஞ்சு. சொந்தக்காரங்க எல்லாம் வந்தா வரிசையா உக்கார."

மனைவி கைப்பையைக் கீழே வைத்தாள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு சட்டத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை உற்றுப் பார்த்தாள். ரசமட்டத்தைக் கொண்டுவந்து நாலைந்து இடத்தில் வைத்தாள். எல்லா இடத்திலும் குமிழி நட்டநடுவில் நின்றது.

"பத்துக்குப் பத்து" என்றாள்.

மாஸ்டர் குமிழியை இன்னொரு முறை குனிந்து பார்த்தார். பள்ளிக்கூடத்தில்கூட அவர் கணக்கில் இதை வாங்கியதில்லை.

மகிழ்ச்சி மறுநாள் வரைதான் நீடித்தது. பள்ளியிலிருந்து வந்ததும் வராததுமாக மனைவி சொன்னாள், "எங்க ஹெட்மாஸ்டர்கிட்ட உங்க பெஞ்சைப் பத்திச் சொன்னேன். லைப்ரரிக்கு அதே மாதிரி வேணுமாம். நீங்க செஞ்சு குடுப்பீங்கன்னு சொல்லிட்டேன்."

"எத்தனை?"

"லைப்ரரி முழுக்க."

மாஸ்டர் தான் செய்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். கண்முன் பெஞ்சு பெஞ்சாக ஓடியது. லைப்ரரி முடிந்தால் வகுப்பறை. வகுப்பறை முடிந்தால் பக்கத்துப் பள்ளிக்கூடம். தேவதாரு கப்பலோடு ஒரு நாள் வந்து சேரும். அப்போது கிளாம்பைப் பிடிக்க இவர் கையில் தெம்பு இருக்காது.

"நான் ஒண்ணு சொல்லணும்" என்றார். கால் தரையை மிதித்தது. மிதித்துக்கொண்டே சொல்லிவிட்டார். "அது பெஞ்சு இல்ல."

"பின்ன?"

"படகு. அலமாரியும் அலமாரி இல்ல. செருப்பு ஸ்டாண்டும் இல்ல. உங்கம்மா நாற்காலியும் நாற்காலி இல்ல. எல்லாமே படகுதான். அன்னிக்கு ஏரியில பாத்தோமே, அந்த மாதிரி ஒண்ணு. நீ புதுசா எந்தப் பைத்தியமும் கூடாதுன்னு சொன்னியா, பயந்துக்கிட்டு ஒண்ணொண்ணா பொய் சொல்லப் போய், பொய்யெல்லாம் வீடு நிறைய வந்து நிக்குது."

மனைவி சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று மாஸ்டர் பதறினார்.

"மன்னிச்சுடு. நாளைக்கே அந்தச் சட்டத்தை அறுத்து..."

"அறுக்காதீங்க!" அவள் குரல் கொஞ்சம் வேகமாகவே வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். முகம் வகுப்பறை முகமாக இருந்தது. "ஆரம்பிச்ச வேலையைப் பாதியில விடக்கூடாது. பசங்களுக்கு நான் அதைத்தான் சொல்றேன். போங்க, போய் நல்ல மரமா பாத்து எடுத்துட்டு வாங்க."

"அப்ப... கோபம் இல்லியா?"

"இல்ல."

"லைப்ரரி பெஞ்சு?"

"ஹெட்மாஸ்டர்கிட்ட நான் பேசிக்கிறேன்."

இத்தனை வருடக் குடும்ப வாழ்க்கையில் மாஸ்டர் எதிலும் இவ்வளவு சுலபமாக ஜெயித்ததில்லை. ஒரு உண்மைக்கு இவ்வளவு மவுசு இருக்கும் என்று தெரிந்திருந்தால் முதல் நாளே சொல்லியிருக்கலாம். மச்சினனின் வேனை எடுத்துக்கொண்டு, இரண்டு பேருமாகப் பாட்டுப் பாடிக்கொண்டு மரக்கடைக்குப் போனார்கள். போகிற வழியில் குறுக்கே ஒரு லாரியே வந்தது. மாஸ்டரின் கால் அசையவில்லை.

கடையில் முதலாளி இல்லை, சாப்பிடப் போயிருந்தார். ரம்பம் ஓட்டுகிறவர் மட்டும் மரத்தூளுக்கு நடுவில் உட்கார்ந்து பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். மாஸ்டர் அவரிடம் தேவதாரு வந்துவிட்டதா என்று கேட்க வாயெடுத்தவர் அப்படியே நின்றார். மூக்கில் புதுப் பென்சில் வாசனை.

வாசனை வந்த வழியே போனார். கடையின் பின்கட்டில், தார்ப்பாய் போர்த்தி, சுவரோரம் பத்திரமாகச் சாய்த்து வைத்திருந்தது. தார்ப்பாயை விலக்கினார். செம்பழுப்பில் நெடுநெடுவென்று, ஒரு கணுகூட இல்லாமல், கோடு போட்ட ரேகையோடு அத்தனையும் தேவதாரு. மேலே தூசி படிந்திருந்தது.

"வந்துடுச்சு! மாப்ளே, வந்துடுச்சுடா!" என்று மச்சினனைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, இதை அப்படியே வேன்ல ஏத்துங்க!"

ரம்பக்காரர் பதறி எழுந்து வந்து தார்ப்பாயை இழுத்து மூடினார்.

"அதைத் தொடாதீங்க சார், முதலாளி என்னைத் தொலைச்சுடுவார்! ஒரு கணக்கு டீச்சரம்மா தனக்குப் படகு செஞ்சுக்கணும்னு எப்பவோ எடுத்து வெச்சது இது. 'வீட்டுல ஒரு கார்பெண்டரைப் பழக்கிக்கிட்டிருக்கேன், அவருக்குக் கை நேரானதும் நானே அனுப்பறேன், அதுவரைக்கும் அவர் வந்து கேட்டா கப்பல்ல வருதுன்னு சொல்லிடுங்க'ன்னு சொல்லியிருக்காங்க... ஏன் சார் அப்படிப் பாக்கறீங்க? அந்தக் கார்பெண்டரை உங்களுக்குத் தெரியுமா?"